தென்னம்பிள்ளை நாற்றங்கால்களும் நற்சான்றும்

ஓர் ஏக்கர் நிலத்தில் 25 அடிக்கு ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய 70 தென்னம்பிள்ளைகள் கொள்ளும். இவற்றை வாங்கி வைக்கும் குடியானவர் அன்றைய தினம் பிள்ளைக்கென்று கொடுக்கும் பணம் பெரிதன்று. குழி வெட்டும் கூலியே அதனினும் மிகுதியாக இருத்தல் கூடும். ஆனால் தாம் வாங்கிய பிள்ளை நல்லதா, தீயதா என்பது அவருக்குத் தெரிய வரும் நாள் வெகு தூரத்தில் இருக்கின்றது. நெட்டை இரகத் தென்னை பாளை விடுவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. காய்ப்பு நிலைபெற்று, இம்மரம் ஆண்டுக்கு இத்தனை காய் கொடுக்கும் என்று துணிந்து சொல்வதற்கு அதன்பின்னும் சில ஆண்டுகள் செல்லும். நெல் விதை கெட்டதாயின் ஒரு போகத்தில் தெரிந்துவிடும். அடுத்த போகத்தில் விதையை மாற்றிக்கொள்ளலாம். தென்னையிலோ குற்றம் வெளிப்படும் காலத்தில் பத்து ஆண்டுகள் இறைத்த நீரும் இட்ட எருவும் செலவாகியிருக்கும்; பிள்ளையை விற்றவர் இன்னாரென்பதும் மறந்து போயிருக்கும். வளர்த்த மரத்தை வெட்டவும் எவருக்கும் மனம் வருவதில்லை. அடுத்த ஆண்டு காய்க்கும், அதற்கடுத்த ஆண்டு காய்க்கும் என்று எதிர்பார்த்து, காய்ப்பில்லாத மரங்களுக்குத் தம் ஆயுட்காலம் முழுவதும் நீர் பாய்ச்சியவர்கள் ஊர்தோறும் உண்டு.

இக்காரணத்தினாலேயே, விற்பனைக்கு வந்த பிள்ளையைப் பார்த்து வாங்குதல் மட்டும் போதாது, அது பிறந்து வளர்ந்த நாற்றங்காலையே பரிசோதித்து அத்தாட்சி அளிக்க வேண்டும் என்ற கொள்கை ஏற்பட்டது. இவ்வத்தாட்சி கட்டாயமாக விதிக்கப்படுவதன்று. தம் தொழிலைத் திறந்து காட்டச் சம்மதித்து முன்வரும் நாற்றங்கால்காரருக்கே வழங்கப்படுவது. இதனால் யாருக்கு என்ன இலாபம், அத்தாட்சியில் எவையெவை அடங்க வேண்டும், எவ்விடத்தில் அது பயனற்றுப் போகும் என்பவற்றைத் தென்னையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தல் தகும்.

தாய்மரம்

மாவையும் சப்போட்டாவையும் போலத் தென்னையை ஒட்டுக் கட்ட இயலாது. முருங்கையைப் போலப் போத்து நடவும் இயலாது. திசு வளர்ப்பு முறை சாதாரணக் குடியானவருக்குக் கிட்டும் அளவில் இன்னும் பரவவில்லை. ஆதலின் காய் ஒன்றே விதை. நெட்டை இரகத்தில் ஒரு பாளையிலுள்ள ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து உதிர்ந்து விடுகின்றன. பெண் பூக்கள் பின்னரே மகரந்தத்தை ஏற்கும் பக்குவம் அடைகின்றன. ஆகவே பெரும்பாலும் வேறொரு மரத்தின் மகரந்தமே சேர்ந்து காய் பிடிக்கின்றது. தாய் தெரியும், தந்தை தெரியாது. பாதி வமிசமாவது நிச்சயமாக நன்றாயிருக்க வேண்டுமாயின் தாய்மரத்தை ஆராய்ந்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஆராய்ச்சி இந்நாட்டில் புதிதன்று. சென்னை இராஜதானி சர்க்கார் 1916-ஆம் ஆண்டில் அக்காலத்துத் தென் கன்னட ஜில்லாவைச் சேர்ந்த காசர்கோட்டில் தென்னைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிற்று. அதுவே 1970-ஆம் ஆண்டில் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமாக விரிவடைந்தது. ஒரு நூற்றாண்டாக அங்கும் பிற நிலையங்களிலும் மரம் மரமாகக் கணக்கெழுதிக் கண்ட முடிவுகள் இன்று தாய்மரத் தேர்வுக்கு விதிகளாக இருக்கின்றன.

தாய்மரம் 20 வயதுக்கு மேற்பட்டதாய், ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பதாய் இருத்தல் வேண்டும். ஓர் ஆண்டு நிரம்பக் காய்த்து மறு ஆண்டு ஓய்ந்து நிற்கும் மரம் கண்ணுக்கு அழகாயிருந்தாலும் விதைக்கு ஆகாது. மானாவாரியில் ஆண்டுக்கு 80 காய்களுக்கும், நீர்ப்பாய்ச்சலில் 100 காய்களுக்கும் குறையாமல் காய்க்க வேண்டும். விரிந்த மட்டைகள் 30-க்குக் குறையாமலும், மட்டைக் காம்புகள் குட்டையாகவும் பருத்தும் அடி அகன்று மரத்தை இறுகப் பற்றியும் இருக்க வேண்டும். குலைக் காம்பு நீண்டு தொங்கும் மரத்தில் காய் முற்றும்போது குலை ஒடியும். அத்தகையதை விலக்க வேண்டும். மட்டை உரித்த காய் 600 கிராமுக்கும், அதிலிருந்து கிடைக்கும் கொப்பரை 150 கிராமுக்கும் குறையலாகாது. குரும்பைகளை மிகுதியாக உதிர்க்கும் மரமும், தேரைக்காய் காய்க்கும் மரமும் விதைக்கு உதவா.

குடியானவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் ஒன்று உண்டு. வீட்டுக் கொல்லையில், மாட்டுத் தொழுவத்தின் அருகில், எருக்குழியின் ஓரத்தில் நிற்கும் மரம் குலை குலையாகக் காய்க்கும். அதன் காயையே விதைக்கு எடுத்து வைப்பார்கள். அம்மரத்தின் செழிப்பு அதன் பிறவிக் குணமா, எருக்குழியின் குணமா என்று பிரித்தறிய வழியில்லை. எருக்குழியைப் பிள்ளையுடன் சேர்த்துக் கொடுக்க முடியாதாகையால், அத்தகைய மரங்களைத் தாய்மரமாகக் கொள்ளலாகாது என்பது நிலையங்களின் விதி. நல்ல நிலத்து மரத்தை விட, சாதாரண நிலத்தில் நடுத்தோப்பில் நின்று, அண்டை மரங்களை விட மேலாகக் காய்க்கும் மரமே நம்பத்தக்கது.

இவ்வளவும் சந்தையில் நின்று பிள்ளையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பிள்ளையின் முகத்தில் தாயின் கணக்கு எழுதியிருப்பதில்லை. நாற்றங்கால்காரர் தாய்மரங்களுக்கு எண்ணிட்டு வர்ணம் பூசி, எந்த மரத்திலிருந்து எந்த மாதம் எத்தனை காய் இறக்கினார் என்று புத்தகத்தில் எழுதி வந்தால் மட்டுமே அது தெரியும். அத்தாட்சிக்காக வருகின்ற பரிசோதகர் முதலில் பார்க்க வேண்டியது நாற்றுப் பாத்தியை அன்று, இந்தப் புத்தகத்தையும் அதிலுள்ள எண் தாங்கிய மரங்களையுமே.

விதைத்த தேதி

நன்கு முற்றிய, ஏறக்குறைய 12 மாத வயதுடைய காய்களை இறக்கி, நெட்டை இரகமாயின் ஒன்று அல்லது இரண்டு மாதம் நிழலில் வைத்திருந்து விதைப்பது வழக்கம். தரை கடினமாயிருந்தால் குலையைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். எறிந்த காய் உள்ளே அதிர்ந்து கெடும். விதைக்கும் முன் ஒவ்வொரு காயையும் ஆட்டிப் பார்த்து, நீர் வற்றியதையும் பருப்பு அழுகியதையும் கழித்து விடுவார்கள். பாத்தியில் இடைவெளி விட்டு ஊன்றி, நிழலும் நீரும் கொடுத்து வந்தால், இரண்டு மாதத்திற்குப் பின் முளைகள் தோன்றத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் நாற்றங்காலின் நேர்மை சோதனைக்கு வருகின்றது. ஒரே நாளில் விதைத்த காய்கள் ஒரே நாளில் முளைப்பதில்லை. சில மூன்றாம் மாதத்தில் முளைக்கும். சில ஐந்தாம் மாதத்தில். சில எட்டாம் மாதத்திற்குப் பின்னும் முளைக்கும். விரைவில் முளைத்த பிள்ளைகளே விரைவில் வளர்ந்து, முன்னதாகப் பாளை விட்டு, மிகுதியாகக் காய்க்கின்றன என்பது நீண்ட அனுபவத்தால் தெளிந்தது. ஆகவே ஐந்து மாதத்திற்குள் முளைத்தவற்றையே வைத்துக்கொண்டு, ஆறு மாதம் ஆகியும் முளைக்காத காய்களைப் பாத்தியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று விதித்திருக்கின்றார்கள். அதன்பின் 9 முதல் 12 மாத வயதில் மறு தேர்வு நடைபெறும். பத்து மாதத்தைக் கடந்த பிள்ளைக்கு ஆறு இலைகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கழுத்துப் பகுதியின் சுற்றளவு 10 முதல் 12 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இலைகள் சீக்கிரமாகக் கீற்றுக் கீற்றாகப் பிரியத் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்த அளவுகளை அறிந்த குடியானவர் ஒரு முழக்கயிற்றுடன் சந்தைக்குச் சென்று கழுத்தை அளந்து, இலையை எண்ணி வாங்கிவிடலாமே, அத்தாட்சி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பிள்ளையின் வயது தெரியாமல் அளவு மட்டும் தெரிந்து பயனில்லை. ஒன்பதாம் மாதத்தில் முளைத்த மந்தமான பிள்ளையை நாற்றங்காலிலேயே இன்னும் ஓர் ஆறேழு மாதம் விட்டு வைத்தால், அதற்கும் ஆறு இலை வந்துவிடும், கழுத்தும் பருத்துவிடும். மூன்றாம் மாதத்தில் முளைத்துப் பத்தாம் மாதத்தில் அந்த வளர்ச்சியை அடைந்த நல்ல பிள்ளைக்கும், பதினெட்டு மாதம் சென்று அதே வளர்ச்சியை அடைந்த மந்தப் பிள்ளைக்கும் சந்தையில் வைத்து வேறுபாடு காண்பது, அனுபவம் மிக்கவருக்கும் அரிது. சில சமயம் மந்தப் பிள்ளை உயரமாக நிற்பதால் அதற்கே முதலில் கிராக்கி ஏற்படுவதும் உண்டு. உயரத்தைக் கண்டு வாங்குகிறவர் தோற்றத்திற்கு விலை கொடுத்துக் குறைபாட்டை வாங்குகின்றார்.

ஆதலின் அத்தாட்சியின் உயிர்நாடி விதைத்த தேதியே. பாத்திதோறும் ஒரு பலகை நட்டு, இரகம், தாய்த்தோப்பு, விதைத்த தேதி, விதைத்த காய்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் தார் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பரிசோதகர் விற்பனைக் காலத்தில் மட்டும் வந்து பார்த்துச் செல்வாராயின் அவ்வருகையால் விளையும் நன்மை சொற்பம். விதைத்த ஆறாம் மாதத்தில், முளைக்காத காய்களை அப்புறப்படுத்தும் தருணத்தில் அவர் வந்து நிற்க வேண்டும். இரண்டு வருகைகளுக்கே இடமுண்டென்றால், ஒன்று ஆறாம் மாதத்தில் இருக்கட்டும். மற்றது பிள்ளை தோண்டும் காலத்தில் ஆகலாம்.

கழிக்கப்படும் பிள்ளைகளின் விலை

மேற்கூறிய தேர்வுகளைக் கண்டிப்பாக நடத்தினால், விதைத்த காய்களில் 100-க்கு 60 அல்லது 65 மட்டுமே தகுதியான பிள்ளைகளாகத் தேறுகின்றன என்பது ஆராய்ச்சி நிலையங்களின் கணக்கு. எஞ்சியவற்றில் முளைக்காதவை போக, முளைத்தும் தேறாத பிள்ளைகளை என்ன செய்வது என்பதே நாற்றங்கால் தொழிலின் பெரிய சங்கடம். அவையும் பச்சையாக நிற்கின்றன. அவற்றிற்கும் காய் வாங்கிய செலவும் நீர் இறைத்த செலவும் ஆகியிருக்கின்றன. வாங்குவதற்கும் ஆள் இருக்கின்றது. இந்நிலையில் அவற்றை வெட்டி எறி என்பது, கடைக்காரரிடம் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்து எறி என்பதற்கு ஒப்பாகும்.

கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தல் நலம். 1,000 காய் விதைத்து 850 முளைத்ததாகவும், அவற்றில் 625 தேறியதாகவும் வைத்துக்கொள்வோம். எதையும் கழிக்காத நாற்றங்கால்காரர் 850 பிள்ளைகளையும் தலா 60 ரூபாய் வீதம் விற்றால் 51,000 ரூபாய் பெறுவார். கழித்து விற்கின்றவர் அதே தொகையைப் பெற வேண்டுமாயின் பிள்ளை ஒன்றை 82 ரூபாய்க்கு விற்க வேண்டும். வித்தியாசம் 22 ரூபாய். ஓர் ஏக்கருக்குரிய 70 பிள்ளைகளுக்கு 1,540 ரூபாய். வாங்குகின்றவரின் பக்கத்தில் நின்று பார்த்தால், கழிக்காத நாற்றங்காலில் வாங்கிய 70 பிள்ளைகளில் 18 அல்லது 19 பிள்ளைகள் கழிக்கப்பட்டிருக்க வேண்டியவை. அவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 30 காய் குறைவாகக் காய்க்கும் என்று வைத்துக்கொண்டாலும், தோப்பில் ஆண்டுக்கு 540 காய் குறையும். காய் ஒன்று மூன்று ரூபாய்க்கு விலை போனாலும், முன்னர் மிச்சம் பிடித்த 1,540 ரூபாய் காய்ப்புக்கு வந்த முதல் ஆண்டிலேயே போய்விடுகின்றது. பிறகு வரும் ஐம்பது ஆண்டுகள் முழு நஷ்டம். இதிலுள்ள விலையும் குறைவும் கணக்குக்காகக் கொண்டவையே. அவரவர் ஊர் நிலவரத்தை இட்டுப் பார்த்தாலும் முடிவு பெரிதும் மாறாது.

எனினும் இந்த 22 ரூபாயை வாங்குகிறவர் ஏன் கொடுக்க வேண்டும்? எதிர்வீட்டு நாற்றங்காலில் 60 ரூபாய்க்கு அதே உயரப் பிள்ளை கிடைக்கின்றதே. 'நான் கழித்து விட்டேன்' என்று விற்பவர் சொல்வதை எதனால் நம்புவது? நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாவிடில் நேர்மையான நாற்றங்கால்காரர் ஒன்று நஷ்டப்பட்டுத் தொழிலை விடுவார், அல்லது அடுத்த ஆண்டு தாமும் கழிக்காமல் விற்பார். நல்லவரையும் அவ்வழிக்குத் தள்ளுவது அவருடைய பேராசை அன்று, வாங்குவோரால் வேறுபாடு அறிய இயலாமையே. அத்தாட்சி என்பது அடிப்படையில் இந்த 22 ரூபாய்க்கான சாட்சி.

கழித்த பிள்ளைகள் மறுநாள் பின்வாசல் வழியாகத் தரகர் வண்டியில் ஏறாதபடி பார்ப்பதும் முக்கியம். கழித்தவற்றைப் பரிசோதகர் முன்னிலையில் கழுத்தில் வெட்டிவிடுவது உத்தமம். முளைத்த அளவில் நின்றுவிட்ட காய்களை, பூச்சி மருந்து இடாத பாத்தியாயின், தேங்காய்ப்பூவுக்கு விற்கலாம். பட்டணங்களில் சாலையோரத்தில் அதற்கு நல்ல கிராக்கி இருப்பதால் காய் வாங்கிய முதலில் ஒரு பகுதியாவது திரும்பும்.

வீரிய ஒட்டு என்னும் பெயர்

நெட்டையையும் குட்டையையும் கலந்து உண்டாக்கும் வீரிய ஒட்டுத் தென்னை, சென்னை இராஜதானியின் எண்ணெய் வித்து நிபுணராயிருந்த ஜே. எஸ். பட்டேல் என்பவரால் 1930-களில் நீலேசுவரத்தில் முதன்முதலாக உண்டாக்கப்பட்டது. இப்பிள்ளைகள் முன்னதாகவே காய்ப்புக்கு வந்து மிகுதியாகவும் காய்ப்பதால் விலை அதிகம். விலை அதிகமான இடத்தில் போலி நுழைவது இயல்பு. வீரிய ஒட்டு மரத்தின் காயையே விதைத்து, அப்பிள்ளைகளையும் வீரிய ஒட்டு என்று விற்பது எங்கும் காணக்கூடிய ஏமாற்றம். சில சமயம் விற்பவரே அறியாமல் செய்வதும் உண்டு. கலப்பின் சிறப்பு முதல் தலைமுறைக்கே உரியது. அதன் மக்களில் சில நெட்டையாகவும் சில குட்டையாகவும் பலவாறு பிரிந்து, தோப்பு ஒரே சீராயிராது.

இதைக் கண்டுபிடிக்க, குட்டையைத் தாயாகக் கொண்ட சில கலப்புகளில் இயற்கையே ஓர் அடையாளம் தந்திருக்கின்றது. சாவக்காடு ஆரஞ்சுக் குட்டையைத் தாயாகவும் நெட்டையைத் தந்தையாகவும் கொண்ட பிள்ளையின் இளமட்டைக் காம்பு பழுப்பு நிறமாக இருக்கும். காம்பு ஆரஞ்சு நிறமாகவே இருந்தால் அது கலப்பு ஏற்படாமல் தன் மகரந்தத்தாலேயே உண்டான வெறும் குட்டை. அதை நாற்றங்காலிலேயே நீக்க வேண்டும். அத்தாட்சி பெற்ற நாற்றங்காலில் இந்நிறத் தேர்வு நடந்ததென்பது புத்தகத்தில் எண்ணிக்கையுடன் காணப்பட வேண்டும்.

பிள்ளையுடன் பயணம் செய்யும் நோய்கள்

2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ என்னும் அயல்நாட்டுப் பூச்சி காணப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அது தென்னிந்தியா எங்கும் பரவிற்று. அத்துணை விரைவுக்குப் பூச்சி தானாகப் பறந்தது மட்டும் காரணமன்று. பூச்சி பற்றிய பிள்ளைகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றதும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. கேரளத்தை ஒட்டிய கோயம்புத்தூர், தேனி, தென்காசி, கன்னியாகுமரி முதலிய ஜில்லாக்களில் வேர் வாடல் நோய் உண்டு. இது பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் உண்டாகி, சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளால் பரவுவது. கண்ட மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. நோய் கண்ட பகுதியிலிருந்து நோயற்ற பகுதிக்குப் பிள்ளைகளைக் கொண்டு செல்லாதிருத்தலே முதற் காப்பு. நாற்றங்கால் எவ்வூரில் இருக்கின்றது என்பதோடு, விதைக்காய் எவ்வூரிலிருந்து வந்தது என்பதும் அத்தாட்சியில் எழுதப்பட்டிருத்தல் இதனால் அவசியமாகின்றது.

கட்டாயமா, சம்மதமா?

இவ்வளவு முக்கியமான காரியத்தைச் சர்க்கார் ஏன் கட்டாயமாக்கக் கூடாது என்று பலர் கேட்கின்றனர். இந்தியாவின் 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தை இங்கே நோக்கலாம். அறிவிக்கை செய்யப்பட்ட இரகங்களின் விதையை விற்பவர் முளைப்புத் திறனையும் தூய்மையையும் குறித்த சீட்டைப் பையில் இணைத்தல் கட்டாயம். விதைச் சான்று பெறுவதோ விருப்பம். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும், உயர்ந்த தரத்தை நிரூபிப்பது அவரவர் இஷ்டம் என்பதே அச்சட்டத்தின் போக்கு. பழமர நாற்றங்கால்களுக்கு 1984-இல் ஏற்பட்ட தேசியத் தோட்டக்கலை வாரியமும், தென்னைக்கு 1981-இல் ஏற்பட்டுக் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியமும், விண்ணப்பித்துக் கொள்வோரின் நாற்றங்கால்களைப் பரிசோதித்து அங்கீகாரம் அளிக்கும் முறையை மேற்கொண்டுள்ளன.

சம்மத முறையே தக்கது என்பதற்குக் காரணம் நாற்றங்கால் தொழிலின் தன்மையிலேயே இருக்கின்றது. ஏராளமான பிள்ளைகள் பெரிய பண்ணைகளில் உண்டாவதில்லை. கிணற்றடியில் இரண்டு பாத்தி, கொல்லையில் ஐந்நூறு காய் என்று சிறுகச் சிறுக, பெரும்பாலும் பெண்களின் உழைப்பால் உண்டாகின்றன. கட்டாயச் சட்டம் வந்தால் இவர்கள் கட்டணத்துக்கும் காகிதத்துக்கும் அஞ்சித் தொழிலை விடுவர், அல்லது மறைவாக விற்பர். மறைவில் விற்கும் பிள்ளையைப் பரிசோதிக்க யாராலும் முடியாது. பெரிய நாற்றங்காலோ கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பழையபடி நடக்கலாம். மேலும் எல்லோரிடமும் இருக்கும் அத்தாட்சி எவரையும் வேறுபடுத்திக் காட்டாது.

ஆயினும் சம்மத முறைக்கும் ஒரு பெருங்குறை உண்டு. வாங்குகிறவர் கேட்காவிட்டால் அது சுவரில் மாட்டிய படமாக முடியும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரணியம் முதலிய பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. பாட்டனார் வைத்த தோப்பை ஓர் இரவில் இழந்தவர், மறு ஆண்டே வெற்றுநிலத்தை நிரப்ப விரும்புவது மனித இயல்பு. ஆனால் நல்ல பிள்ளை உண்டாக, காய் இறக்கிய நாளிலிருந்து ஓர் ஆண்டாவது வேண்டும்; கிராக்கி வந்த பிறகு விதைத்தால் அவ்வாண்டுக்கு உதவாது. இப்படிப்பட்ட அவசர காலத்தில் முளைத்ததெல்லாம் பிள்ளையாக விலைபோகும். எவரும் தேதிப் பலகையைத் தேடமாட்டார்கள். நிவாரணத்திற்காகப் பிள்ளை வாங்கும் சர்க்கார் இலாகாக்களும் தரும சங்கங்களும் இந்த இடத்தில் முன்மாதிரியாக நிற்கக் கடமைப்பட்டவர்கள். எண்ணிக்கையை மட்டும் கேட்டு, குறைந்த விலைக்கு ஒப்பந்தம் விடுகின்ற பெருங்கொள்வனவுகாரர் ஒருவர், ஊரிலுள்ள நேர்மையான நாற்றங்கால்கள் அனைத்தையும் ஒரே பருவத்தில் நசுக்கிவிடக் கூடும். அவரே அத்தாட்சி பெற்ற பிள்ளைக்கு இத்தனை ரூபாய் கூடுதல் என்று முன்னாலேயே அறிவித்து, ஓர் ஆண்டுக்கு முன்பே முன்பணமும் கொடுப்பாராயின், சட்டம் செய்யாததை அந்த ஒரே அறிவிப்புச் செய்து முடிக்கும்.

கட்டணச் சுமையைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரே ஊரின் சிறு நாற்றங்கால்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து தென்னை உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரில் ஒரு விண்ணப்பமாகக் கொடுத்தால், தாய்மரங்களுக்கு எண்ணிடுவதும் புத்தகம் எழுதுவதும் பொதுச் செலவாகிவிடும். எந்தக் கொல்லையின் எந்த மரம் எப்படிக் காய்க்கின்றது என்பதை வெளியூர்ப் பரிசோதகரை விட அண்டை வீட்டார் நன்கு அறிவர். ஒருவர் செய்யும் புரட்டு மற்றப் பதினொருவரின் பெயரையும் கெடுக்குமாதலால், ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் கடமையும் தானே ஏற்படும். தாட்சணியம் குறுக்கிடும் என்பது மெய்; அதற்காகவே ஆறாம் மாத வருகைக்கு வெளி மனிதர் வேண்டும்.

அத்தாட்சி தான் அறிந்ததற்கு மேல் சொல்லக் கூடாது என்பதும் கவனிக்கற்பாலது. காட்டு மரங்களின் விதைக்கும் நாற்றுக்கும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு வகுத்துள்ள திட்டத்தில் நான்கு நிறச் சீட்டுகள் உண்டு. பிறந்த இடம் மட்டும் தெரிந்ததற்கு மஞ்சள். நல்ல மரக்கூட்டத்தைப் பார்த்து எடுத்ததற்குப் பச்சை. தனித்தனியே தேர்ந்த பெற்றோரிலிருந்து வந்ததற்கு இளஞ்சிவப்பு. நட்டுச் சோதித்து மேன்மை நிரூபிக்கப்பட்டதற்கு நீலம். இதுபோலவே தென்னையிலும், தாய்மரம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கும், இரு பெற்றோரும் தெரிந்த கலப்புப் பிள்ளைக்கும் வெவ்வேறு நிறச் சீட்டுக் கட்டினால், எழுத்தறியாதவரும் தாம் எதற்கு விலை கொடுக்கின்றோம் என்பதை அறிவார்.

பிள்ளை வாங்கச் செல்லும் குடியானவர் விற்பனைக் காலத்தில் செல்வதை விட, ஆறேழு மாதம் முன்னதாக ஒருமுறை நாற்றங்காலுக்குச் சென்று பாத்தியைப் பார்த்து வருதல் மேல். பலகையில் எழுதிய எண்ணிக்கையையும் பாத்தியில் நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால், கழிக்கப்பட்டதா என்பது அங்கேயே புலனாகும். ஆயிரம் காய் விதைத்த பாத்தியில் பத்தாம் மாதத்திலும் தொள்ளாயிரம் பிள்ளை நின்றால் அது பெருமைக்குரியதன்று. தோண்டும்போது மண்வெட்டியால் வேரைச் சுற்றி வெட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். மட்டையைப் பிடித்து இழுத்த பிள்ளை, அத்தாட்சி பெற்றதாயினும், வேர் அறுந்து ஊன்றத் தாமதிக்கும். எடுத்த பிள்ளையைத் தாமதமின்றி நட்டுவிட வேண்டும்.

நட்ட அன்றே தோப்பின் படம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, எந்த வரிசையில் எந்த நாற்றங்காலின் எந்தப் பாத்திப் பிள்ளை நிற்கின்றது என்று குறித்து, இரசீதையும் நிறச் சீட்டையும் அதனுடன் தைத்து, நிலப் பத்திரங்கள் உள்ள பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். பத்து ஆண்டு கழித்து முதற் கணக்கெடுக்கும் நாளில், மகன் அதை எடுத்துக்கொண்டு அதே நாற்றங்காலுக்குச் சென்று பேச முடியும்.